பனியைத் தோண்டுகிறவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், 19 வயசுப் பையன் ஒருவன் 80 உருப்படி துணியை விற்பதற்காக எடோவுக்கு வந்தான். எடோ என்றால் இன்றைய டோக்கியோ. அவனுடைய ஊர் ஷியோசாவா. மலைகளுக்கு அந்தப் பக்கம், எச்சிகோவில் இருந்தது. இன்றைக்கு அதை நீகாத்தா என்கிறார்கள். வந்த இடத்தில் அவனுக்கு ஆச்சரியம். தன் ஊர்ப் பனி எப்படிப்பட்டது என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பையன் பெயர் சுசுகி பொகுஷி (1770–1842). துணி வியாபாரி, கூடவே ஹைகூ எழுதுகிறவர். அன்றைக்கு வந்த ஆச்சரியம் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை.

எடோக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று, ஜப்பான் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் மேல் வரும்போது ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது. மலைகளில் மோதி மொத்தத்தையும் எச்சிகோ பக்கமே கொட்டிவிடுகிறது. எடோவுக்கு வந்து சேர்வது காய்ந்த காற்றும் வெயிலும்தான். எப்போதாவது கொஞ்சம் பனி விழுந்தால் சாக்கே, பாட்டு, கவிதை என்று கொண்டாட்டம். மார்கழிப் பனியை மட்டும் தெரிந்த நாமும் அந்தக் கட்சிதான்.

பொகுஷியின் ஊரில் பனியைப் பெருக்க மாட்டார்கள், தோண்டுவார்கள். அங்கே அந்த வேலைக்குப் பெயரே 'பனி தோண்டுதல்'. மர மண்வெட்டியோடு கூரை மேல் ஏறி இறக்காவிட்டால் வீடு நசுங்கிவிடும். இன்றைக்கு இறக்கினால் நாளைக்கு மறுபடி விழும். இறக்கிய பனி தெருவில் குவிந்து தெருவே வீட்டைவிட உயரமாகிவிடும். வாசலுக்குப் படி வெட்டி இறங்க வேண்டும். ஜன்னல்கள் மூடிப்போய், பகலிலும் விளக்கு எரியும்.

அவர் பதிவுசெய்த ஒரு சம்பவத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். இளம் தம்பதி, கைக்குழந்தையோடு மனைவியின் அம்மா வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தது. வழியில் பனிப்புயல். மறுநாள் அந்தப் பக்கம் போனவர்களுக்குப் பனிக்குள்ளிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. தோண்டிப் பார்த்தால் அப்பாவும் அம்மாவும் இறந்து கிடந்தார்கள். நடுவில், அம்மாவின் ஆடைக்குள், குழந்தை உயிரோடு இருந்தது.

ஆனால் பொகுஷி புலம்பிக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை. பனியால் மேடை கட்டி அதன் மேல் ஏறிப் பாடி, பயிர் தின்னும் பறவைகளை விரட்டுகிற சிறுவர்களின் சடங்கை ரசித்து எழுதுகிறார். குளிர்காலம் முடிகிற சமயத்தில் மேல்பனி இறுகிக் கல்லாகிவிடும். வயல், வரப்பு, வேலி எல்லாம் அடியில் போய்விட, சறுக்குவண்டியில் பெரிய பாரத்தையும் நேர்கோட்டில் இழுத்துப் போகலாம்.

அவர் விற்ற துணியும் பனியின் பிள்ளைதான். சிஜிமி என்ற அந்தக் கோடைத்துணி, ராமி என்ற செடியின் நாரிலிருந்து வருவது. காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும். பனிக்காலத்து ஈரம் அதற்கு வேண்டும். வீட்டுக்குள் அடைபட்ட மாதங்களில் பெண்கள் நெய்தார்கள். வெயில் வந்ததும் துணியைப் பனிமேல் விரித்து வெளுத்தார்கள். எடோவில் வியர்வைக்கு இதமாகக் கட்டிக்கொண்டவர்களுக்கு அதற்குள் ஒரு குளிர்காலம் இருப்பது தெரிந்திருக்காது. முதல்முறையாக உயர்ரகத் துணி நெய்யும் வாய்ப்புக் கிடைத்த ஒரு பெண்ணைப் பற்றியும் பொகுஷி எழுதியிருக்கிறார். வெளுத்து வந்த துணியில் ஒரு சின்னக் கறை. அதைப் பார்த்து அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது.

இதையெல்லாம் புத்தகமாக்க அவருக்குக் கிட்டத்தட்ட 40 வருஷம் ஆனது. எடோவின் புகழ்பெற்ற எழுத்தாளர்களை நம்பினார். சான்டோ கியோடென் மூலம் முடியவில்லை. பகினும் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். கடைசியில் கியோடெனின் தம்பி கியோசான் கைகொடுக்க, 1837இல் 'ஹொகுஎட்சு செப்பு' வெளிவந்தது. பொகுஷிக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. எடோ விரும்பிப் படித்தது. நூறு வருஷம் கழித்து கவாபட்டா தன் 'பனிநாடு' நாவலில் சிஜிமி பற்றி எழுதியபோதும் இந்தப் புத்தகத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

1931இல் மலையைக் குடைந்து ரயில் வந்தது. சாலைப்பனியைக் கரைக்க நிலத்தடி நீரைத் தெளிக்கும் குழாய்களும் பின்னால் வந்தன. பனி என்னவோ குறையவில்லை. 1945 பிப்ரவரியில் தகாடா ஊரில் அது 377 செ.மீ. உயரத்துக்குக் கிடந்தது. 2009இல் அந்த நெசவை யுனெஸ்கோ தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்ட ஊர்களில், கூரைப்பனியை இறக்கப்போய் விழுந்து இறக்கிற முதியவர்களின் செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது.

பனி பொழிகிற ரீல்ஸைப் பார்த்து நாமும் இதயம் போடுகிறோம். போடலாம், அழகுதானே. அந்தக் கூரையில் மண்வெட்டியோடு யாராவது நிற்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டால், பொகுஷி செலவிட்ட 40 வருஷம் வீண்போகாது.