வெள்ளையின் விலை: கொங்குச் சுவர்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

சுவரை யாரும் வாசிப்பதில்லை. கல்வெட்டை வாசிக்கிறோம், செப்பேட்டை வாசிக்கிறோம், மில் முதலாளிகளின் வாழ்க்கை வரலாறுகளைக்கூட வாசிக்கிறோம். சுவரின் மேல் பூசப்பட்டது மட்டும் 'அலங்காரம்' என்ற சொல்லுக்குள் தள்ளப்பட்டு, வரலாற்றுக்கு வெளியே நிற்கிறது. எந்தச் சுவர் வெள்ளையாக இருக்கலாம், எது மண்ணாகவே இருக்க வேண்டும், வெள்ளையடிப்பவர் யார், அதைப் பார்த்துத் திருப்திப்படுபவர் யார் என்பவை அலங்காரம் பற்றிய கேள்விகள் அல்ல. அதிகாரம் பற்றியவை.

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று பழைய வீடுகளுக்குப் புது மவுசு வந்திருக்கிறது. தொட்டிக்கட்டு வீடுகளைப் பழுதுபார்த்து 'ஹெரிடேஜ்' என்று பெயர் வைக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் அப்படி ஒரு வீடு வைத்திருக்கும் மாமா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங் மாப்ள, ராயல் அடிக்கறதா, வெல்வெட் டச் அடிக்கறதா, பெர்ஜர் சில்க்கா? காசு பிரச்சனையில்லீங்க. நிக்கோணும், அவ்வளவுதான்." அந்த வீட்டு ஆசாரத்தில் சில வருஷங்களுக்கு முன் அடித்த விலை உயர்ந்த பூச்சு, இடுப்பளவுக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிப் பேர்ந்துகொண்டிருந்தது. எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. எதை அடித்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

2

குனியமுத்தூர்ப் பக்கம் 'சுண்ணாம்புக் காளவாய்' என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது சொல்கிற பேராக மட்டும் மிஞ்சியிருக்கும் இந்தச் சொல், ஒரு தொழிலின் கடைசித் தடயம். கொங்கு கடலிலிருந்து தூரமான நாடு, கிளிஞ்சல் கிடையாது. நிலத்திலிருந்து எடுத்த சுக்கான்கல்லும் மதுக்கரை வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லும்தான் கதி. அந்தக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. அதாவது வெள்ளையடிப்பது என்பது சுவருக்கு மேல் இன்னொரு பொருளை ஒட்டுவதல்ல; சுவரின் மேல் மெல்லியதாக ஒரு கல்லை வளர்ப்பது.

பழைய வீடுகளின் காரை, செங்கல், மண் எல்லாமே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிற பொருள்கள். அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். பெயின்ட் கடை விற்கிற எமல்ஷன் அக்ரிலிக் பிசினால் ஆனது. அடியில் பட்டி பார்த்து, மேலே இரண்டு கோட் எமல்ஷன் இழுத்தால், சுவருக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியதுபோலத்தான். ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல் உப்பைப் பூக்கவைத்துப் பூச்சைத் தள்ளும். தள்ளும்போது காரையையும் பிய்த்துக்கொண்டு வரும். விலை ஏற ஏறப் படலம் பெரும்பாலும் இறுக்கமாகிறது, கழுவ முடிகிறது. பழைய சுவருக்கு அந்த 'நல்ல' குணமே கேடாகிறது. ஆகவே ராயலா, வெல்வெட் டச்சா என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான்.

இதை ஏக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுண்ணாம்பு வெறும் வெள்ளையும் அல்ல. காவி கலந்தால் சிவப்பு. மயில்துத்தம் கலந்தால் கிராமத்து வீடுகளில் பார்க்கிற அந்தப் பச்சைநீலம். சுண்ணாம்பும் மயில்துத்தமும் சேர்ந்ததைத்தான் பாக்குத் தோப்புக்காரர்கள் 'போர்டோ கலவை' என்று பூஞ்சாணத்துக்குத் தெளிக்கிறார்கள். 1885இல் பிரான்சில் மில்லார்டே திராட்சைக் கொடிக்குச் சொன்ன மருந்தும் அதுதான். சுவரில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்து, போகியன்று வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வைத்துக் காப்புக் கட்டுவது வெறும் சடங்கு மட்டுமல்ல. ஆண்டுக்கொருமுறை வீட்டைப் பழுதுபார்க்கும் முறை. ஆனால் காளவாயில் வெந்தது யார், நீற்றும்போது கை வெடித்தது யாருக்கு, கண்ணில் தெறித்தது யாருக்கு என்று கேட்காமல் 'நம்ம பாரம்பரியம்' என்று பேசுகிறவர்கள் சுண்ணாம்பைப் பற்றிப் பேசவில்லை, தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

3

வெள்ளை எப்போது 'சுத்தம்' ஆனது? 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. வீடுகளுக்குள் நுழைவது, ஓட்டைப் பிரிப்பது, சாமான்களை எரிப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் காலனிய அரசின் நடவடிக்கைகளாயின. கிருமி எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாத காலத்தில், வெள்ளைச் சுவர் அரசு வந்துபோனதற்கான முத்திரை. கோவையையும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. இன்றும் ஊருக்குள் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அரசு சுண்ணாம்பை நம்பியது, சனங்கள் ஆத்தாளையும் நம்பினார்கள்.

அதே 1897ஆம் வருஷத்துச் சட்டம் 2020இல் கொரோனாவுக்கும் எடுக்கப்பட்டது. வீதியோரம் மறுபடி வெள்ளைத் தூள். அதைத் தூவிய கைகள் பெரும்பாலும் துப்புரவுப் பணியில் தலைமுறைகளாக அடைக்கப்பட்ட அருந்ததியர் கைகள். வளவு வீட்டுச் சுவரில் மங்கலமாக நிற்கிற சுண்ணாம்பும் சாக்கடையோரம் கிடக்கிற சுண்ணாம்பும் ஒரே பொருள்தான். 'புனிதம்', 'அசுத்தம்' என்ற பிரிவு பொருளில் இல்லை, அதைத் தொடுகிற கை யாருடையது என்பதில் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் இந்த வெள்ளை அப்பாவியானதல்ல. 1925இல் லெ கொர்புசியே ஒவ்வொரு குடிமகனும் தன் வீட்டுத் திரைச்சீலையையும் சுவர்த்தாளையும் எறிந்துவிட்டு ரிப்போலின் அடிக்க வேண்டும் என்று ஒரு 'சட்டமே' எழுதினார். ரிப்போலின் என்பது அன்றைய பெயின்ட் பிராண்ட். வீடு வெள்ளையானால் மனசும் வெள்ளையாகும் என்பது வாதம். நவீனத்துவத்தின் வெள்ளைச் சுவர் ஆடை அவிழ்த்த நிர்வாணம் அல்ல, அதுவே ஓர் ஆடைதான் என்று மார்க் விக்லி 1995இல் எழுதிய நூலில் காட்டினார். நம் ஊரில் இதை விளக்கத் தத்துவம் தேவையில்லை. வெள்ளை வேட்டி யாருடைய ஆடை என்று எல்லோருக்கும் தெரியும்.

4

கோவையின் 'பழைய வீடு' என்று இன்று கொண்டாடப்படுவதில் கணிசமானது அவ்வளவு பழையதல்ல. 1862வாக்கில் ரயில் போத்தனூர் வழியாக மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கரையில் 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பின்னால் வந்த வில்லை ஓடுகளின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. 1888இல் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில். 1932இல் பைக்காரா மின்சாரம். 1934இல் மதுக்கரையில் சிமென்ட் ஆலை. 1936இல் கம்பெனிகள் ஒன்றிணைந்து ஏ.சி.சி. ஆனது. மின்சாரம் மில்லைப் பெருக்கியது, மில் பணத்தைப் பெருக்கியது, பணம் சிமென்ட் வாங்கியது. காளவாய்க்குப் போய்க்கொண்டிருந்த கல் இப்போது ஆலைக்குப் போயிற்று.

ஆகவே 1930களின் கோவை வீடு ஒரு கலப்புப் பிரதி: கீழே சுண்ணாம்புக் காரை, மேலே சிமென்ட் ஜன்னல் வளைவு, சிவப்பு ஆக்ஸைடு தரை, தேக்குத் தூண். 'பாரம்பரியம்' என்று இதைச் சொல்கிறபோது மறைந்துபோவது மில். மில்லை மறைத்தால் லைன் வீடும் மறையும். 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வரும் மறைவார்கள். முதலாளி பங்களாவின் அசல் நிறம் எது என்று சுவரைச் சுரண்டிப் பார்க்க நிபுணர் வருகிறார். லைன் வீட்டின் அசல் நிறம் எது என்று கேட்க யார் வருகிறார்கள்? 2020 ஊரடங்கில் ஓட்டம் நின்ற என்.டி.சி. மில்களின் சுற்றுச் சுவர்களிலும் சுண்ணாம்பு இருக்கிறது. அது 'ஹெரிடேஜ்' ஆகவில்லை.

5

இனி பிராண்டுகள். 1902இல் ஹவுராவில் ஷாலிமார். 1920இல் பம்பாயில் ககன் பெயின்ட்ஸ். அதுதான் பின்னால் நெரோலாக். 1923இல் கல்கத்தாவில் ஹாட்ஃபீல்டு; அது பிரிட்டிஷ் பெயின்ட்ஸ் ஆகி, 1983இல் பெர்ஜர் ஆனது. 1942இல், யுத்தத்தில் இறக்குமதி அடைபட்ட நேரத்தில், பம்பாயில் நான்கு நண்பர்கள் தொடங்கியது ஏசியன் பெயின்ட்ஸ். அதற்கு 1954இல் ஆர்.கே. லட்சுமண் வரைந்து கொடுத்த கட்டு என்கிற குறும்புப் பையன், கையில் பிரஷ்ஷோடு நம் சின்ன ஊர்க் கடைகள் வரை வந்தான். டூலக்ஸ் ஐ.சி.ஐ.யிடமிருந்து 2008இல் அக்ஸோ நோபலுக்குப் போயிற்று. அதன் இந்தியக் கம்பெனியை வாங்குவதாக 2025இல் ஜே.எஸ்.டபிள்யூ. அறிவித்தது. 2024இல் பிர்லா ஓப்பஸ் வந்தது. ஸ்டீல் விற்றவர், சிமென்ட் விற்றவர் எல்லாம் பெயின்டுக்கு வந்துவிட்டார்கள். வீட்டின் எலும்பை விற்றவர்களே தோலையும் விற்கிறார்கள். கடைக்காரர்களை வளைப்பது பற்றிய புகாரின் பேரில் ஏசியன் பெயின்ட்ஸ் மீது 2025 ஜூலையில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. புகார் கொடுத்தது பிர்லாவின் கிராசிம்.

பெயர்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் மலிவான டிஸ்டெம்பருக்கு 'டிராக்டர்' என்று பெயர். உயர் ரகங்களுக்கு 'ராயல்', 'வெல்வெட்', 'சில்க்'. அரண்மனை, வெல்வெட், பட்டு. நூற்று நெய்து வளர்ந்த இந்த ஊரில் விற்கிற எந்த உயர்ரகப் பெயின்டுக்கும் பருத்தியின் பெயர் கிடையாது. வேலையின் பெயர் கீழே, நுகர்வின் பெயர் மேலே. விலைப்பட்டியல் ஒரு சாதியடுக்கு மாதிரியே எழுதப்பட்டிருக்கிறது.

பெயின்டர் எந்தக் கம்பெனியைச் சொல்கிறாரோ அதுதான் வாங்கப்படுகிறது. அவர் ஏன் அதைச் சொல்கிறார்? வாளிக்குள் டோக்கன் இருக்கும். அதைக் கொடுத்தால் காசு. கூலியில் கொடுக்காததைக் கம்பெனி டோக்கனில் கொடுத்து, தொழிலாளியைத் தன் சம்பளமில்லாத விற்பனையாளர் ஆக்கிக்கொள்கிறது. நிறம் கலக்கிற கணக்கு ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது. கடையில் நிறக்கலவை மெஷின் வந்ததும் அது அவர் கையை விட்டுப் போய்விட்டது. "எல்லாம் நெம்பர்தானுங்க இப்ப. நெம்பர் சொன்னா மெஷினே கலக்கிருது, எங்களுக்கு இழுக்கற வேல மட்டுந்தான்" என்றார் உக்கடத்துப் பெயின்டர் ஒருவர். இதைவிடச் சுருக்கமாகத் 'திறனிழப்பு' பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

அவருடைய நுரையீரலிலும் ரத்தத்திலும் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஈய வெள்ளையை வீட்டுக்குள் அடிப்பதற்கு எதிராக உலகத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. இடையில் 96 வருஷம். பழைய வீட்டு மரக் கதவில், தூணில், ஜன்னலில் அடுக்கடுக்காக இருக்கிற பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். 'ஒரிஜினல் தேக்கு தெரியணும்' என்று அதைச் சுரண்டச் சொல்கிறோம். உலர்ந்த தூளாக அதை மூச்சில் வாங்குவது நாமல்ல.

ஈயம் போன பிறகு வெள்ளை எங்கிருந்து வருகிறது? டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதன் மூலப்பொருளில் ஒன்று இல்மனைட், மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணலில் கிடைப்பது. அதே மணலில் தோரியம் உள்ள மோனசைட்டும் இருக்கிறது. தென்கடற்கரையில் தாதுமணல் அள்ளியதன் மீது எழுந்த புகார்களுக்குப் பின் 2013இல் தமிழக அரசு அந்த அள்ளலைத் தடைசெய்தது. ஆக, காளவாய்ச் சுண்ணாம்பை 'பழசு' என்று ஒதுக்கிவிட்டு நாம் வாங்கும் பளபளப்புக்குப் பின்னால் மீனவர் குப்பங்களின் கரை இருக்கிறது. எந்த வெள்ளையும் சும்மா வருவதில்லை.

6

மாமாவிடம் சொன்னது சுருக்கமாக இதுதான்: "பழைய பெயின்டச் சுரண்டச் சொல்றதுன்னா தண்ணி தெளிச்சுச் சுரண்டச் சொல்லுங்க, மூக்குக்கு மாஸ்க் வாங்கிக் குடுங்க. சிமென்ட் பட்டி வேண்டாமுங்க மாமா. காரை வுழுந்த எடத்துல சுண்ணாம்புக் காரையே வெச்சு, சுண்ணாம்பு அடிங்க. வருஷா வருஷம் அடிக்கோணும். அந்த வேலைக்கு நல்ல கூலி குடுக்கோணும்." அவர் முதல் பாதிக்குத் தலையாட்டினார். கூலி என்றதும், "அது அப்பறம் பாத்துக்கலாமுங்" என்றார். பாரம்பரியம் பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நிற்கிறது.

கோவை மாவட்டத்தில் சுவரைப் பற்றி எழுதுகிறவர் 2019 டிசம்பர் 2ஐத் தாண்டிப் போக முடியாது. மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச் சுவர், ஏறத்தாழ 20 அடி உயரத்துக் கருங்கல் சுவர், விடியுமுன் மழையில் சரிந்து, பக்கத்து அருந்ததியர் வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். அதைத் 'தீண்டாமைச் சுவர்' என்று சொல்லிப் போராடியவர்கள் மீது தடியடி நடந்தது. அந்தச் சுவர் எதற்காக அவ்வளவு உயரம் என்ற கேள்வியை எந்த நிறத்தாலும் பூசி மறைக்க முடியாது.

சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. பெயின்ட் கம்பெனியின் ஷேடு கார்டு உள்பக்கத்தை மட்டும் காட்டுகிறது. சுவர் வரலாறு எழுதுகிறவர் அடுத்த பக்கம் போய் நின்று, அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். கொங்கு நாட்டு வீடுகளைப் பற்றி வந்துகொண்டிருக்கும் வழவழப்பான படப் புத்தகங்களில் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.