ஹமீதா பானுவும் அவரைக் காணத் திரண்ட கூட்டமும்

1954-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வட இந்தியாவிலிருந்து ஒரு வியப்பான அறிவிப்பு வெளியாயிற்று. கோதாவில் தம்மை வீழ்த்தும் ஆண்மகனைத் தாம் மணந்துகொள்வதாக ஒரு பெண்மணி சவால் விடுத்திருந்தார். அவர் பெயர் ஹமீதா பானு. வயது முப்பதைக் கடந்திருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட போட்டிகளில் வென்றிருப்பதாக அவரே கணக்குச் சொன்னார்.

சவாலை ஏற்றுப் பட்டியாலாவிலிருந்து ஒருவரும் கல்கத்தாவிலிருந்து ஒருவரும் வந்து தோற்றனர். மே மாதம் பரோடாவில் மூன்றாவது போட்டி ஏற்பாடாயிற்று. மகாராஜாவின் ஆதரவு பெற்ற சோட்டே காமா பயில்வான், பெண்ணோடு மோதமாட்டேன் என்று இறுதி நேரத்தில் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக பாபா பயில்வான் இறங்கினார். 1 நிமிடம் 34 விநாடியில் ஆட்டம் முடிந்துவிட்டது.

பத்திரிகைகள் இவரை ‘அலிகாரின் அமேசான்’ என்று அழைத்தன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்ற கேள்வி உடனே எழுகிறது. அல்லி அரசாணி என்று சொல்லலாம், ஆனால் பொருந்தாது. அல்லியை அர்ச்சுனன் இறுதியில் சூழ்ச்சியால் வென்று மணந்தான். ஹமீதா பானுவின் சவாலிலோ வென்று கைப்பிடித்தவர் எவருமில்லை.

இவர் பிறந்த மண் உத்தரப் பிரதேசத்து மிர்ஜாபூர். அங்கே பெண்ணுக்குக் குஸ்தி தகாது என்றனர். எதிர்த்து நிற்கப் பெண் பயில்வான்களும் இல்லை. ஆகவே அலிகாருக்குச் சென்று, சலாம் பயில்வானிடம் பயின்று, ஆண்களோடு மோதத் தொடங்கினார். 1944-இல் பம்பாயில் கூங்கா பயில்வானோடு இவர் மோதவிருந்த போட்டிக்கு 20,000 பேர் திரண்டதாகச் செய்தி. எதிராளி கூடுதல் பணமும் அவகாசமும் கேட்டதால் போட்டி நின்றுபோயிற்று. ஏமாந்த கூட்டம் அரங்கத்தையே அடித்து நொறுக்கியது.

இத்தனை பேர் ஏன் வந்தார்கள்? குஸ்தியின் நுட்பத்தைச் சுவைக்க வந்தோர் சிலராகவே இருந்திருப்பர் என்பது நம் கருத்து. பெரும்பாலோர் வந்தது ஒரு விந்தையைக் காண. அக்காலச் செய்திகளைப் படித்தாலே இது விளங்கும். இவருடைய எடை 108 கிலோ. உயரம் 5 அடி 3 அங்குலம். அன்றாடம் 5.6 லிட்டர் பால், ஒரு கோழி, ஏறத்தாழ ஒரு கிலோ ஆட்டிறைச்சி, 6 முட்டை, ஏறத்தாழ ஒரு கிலோ வாதுமை, இரண்டு தட்டு பிரியாணி! இவ்வளவையும் எண்ணி எழுதியவர்கள், எந்தப் பிடியால் எதிராளியைச் சாய்த்தார் என்பதைச் சொன்னது சொற்பமே.

விந்தையைக் காண வந்தவர்களுக்கு, அந்த விந்தை வெற்றி பெறுவது எப்போதும் இனிக்கவில்லை. கோலாப்பூரில் ஷோபா சிங் பஞ்சாபி என்ற பயில்வானை இவர் வீழ்த்தியபோது கல் வீசினார்கள். போலீசார் தலையிட வேண்டியதாயிற்று. பூனாவில் ராமசந்திர சாளுங்கே என்பவரோடு நடக்கவிருந்த போட்டி, அவ்வூர் மல்யுத்தச் சங்கத்தாரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஹமீதா பானு பம்பாய் மாகாணத்து முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடமே முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடை இல்லை. போட்டி நடத்துவோர் பொய் எதிராளிகளை நிறுத்துவதாகப் புகார் வந்திருக்கிறது என்று பதில் கிடைத்தது.

இந்தப் பதிலை எளிதாக ஒதுக்கிவிடவும் இயலாது. குஸ்தி அந்நாளில் பெரும் வாணிகமாக இருந்தது. முன்னேற்பாட்டு ஆட்டங்கள் பற்றிய ஐயம் ஆண் பயில்வான்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ஓர் ஆண் ஒன்றரை நிமிடத்தில் வென்றால் அவன் வல்லவன். பெண் வென்றால் ஏதோ சூது. அந்த ஐயத்தைக் கோதாவில் அவர் எத்தனை முறை வென்றாலும் தீர்த்திருக்க முடியாது. ஒவ்வொரு வெற்றியும் ஐயத்திற்கு மேலும் ஒரு சான்றாகவே கொள்ளப்பட்டிருக்கும்.

அதே 1954-இல் பம்பாயில், ரஷ்யாவின் பெண் கரடி என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்திற்குள் சாய்த்தார். ஐரோப்பா சென்று அங்குள்ள பயில்வான்களோடு மோதப்போவதாகவும் அறிவித்தார். அத்துடன் குஸ்திச் செய்திகளிலிருந்து அவர் பெயர் மறையத் தொடங்குகிறது. பயிற்சியாளருக்கு அந்தப் பயணம் பிடிக்கவில்லை என்றும், வீட்டிலேயே அடிபட்டார் என்றும் குடும்பத்தார் பின்னாளில் கூறியிருக்கின்றனர்.

பரோடா போட்டிக்கு எழுபது ஆண்டு நிறைந்த 2024 மே 4 அன்று, கூகுள் நிறுவனம் தன் தேடுதல் பக்கத்தில் இவர் உருவை வரைந்து வெளியிட்டது. நம் இளைஞர் பலர் இவர் பெயரைக் கேட்டதே அன்றுதான்.

பிற்காலத்தில் அவர் வாழ்ந்த ஊர், இன்று நம்மவர் பலர் குடியிருக்கும் பம்பாய்ப் புறநகரான கல்யாண். அங்கே மாடு வைத்துப் பால் விற்றார்; கட்டடங்களை வாடகைக்கு விட்டார்; கையில் பணம் தீர்ந்தபோது வீட்டிலே தின்பண்டம் செய்து தெருவோரத்தில் வைத்து விற்றார். 1986-இல் காலமானார்.