செய்வித்தவர் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் எங்கே?

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் இருக்கிறது சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவத் தோழர்களோடு அங்கே போனோம்.

முதலில் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாயிலின் ஒரு பக்கம் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். அவருடைய நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்மக்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். உள்ளே முக்குடையின் கீழ் தீர்த்தங்கரர்கள். பக்கத்தில், சிங்கத்தின் மேலேறி, யானையில் வருபவனோடு போர்புரியும் இயக்கி.

பிறகு படியேறிப் பேச்சிப்பள்ளம் சென்றோம். சுனைக்கு மேலே பாறையில் பாகுபலி, பார்சுவநாதர் என வரிசையாகச் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் 'செய்வித்தார்' என்கிறது ஒரு கல்வெட்டு. குறண்டி என்ற ஊரின் சமணப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் இந்த மலையின் கல்வெட்டுகளில் வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தாயின் பெயரை அங்கே நின்று படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அப்போது எங்களோடு வந்த தங்கை ஒருவர் கேட்டார்: "குணமதியார் செய்வித்தார். சரி, செய்தது யார்?"

அந்தக் கல்வெட்டில் அதற்குப் பதில் இல்லை. செலவு செய்தவரின் பெயர் கல்லில் நின்றுவிட்டது. வெயிலில் உளி பிடித்தவரின் பெயர் நிற்கவில்லை.

சமணம் சாதியை ஒழித்துவிட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அரசரும் வணிகரும் ஆதரித்த சமயம்தான் அது. ஆனால் துறவிகள் தங்கிக் கற்பித்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். இன்று நம் பிள்ளைகள் படிக்கப் போகும் இடத்துக்கும் அதே பெயர்தான். அத்தனை பழைய சொல் இருந்த நாட்டில், 1894இல்கூட பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று சென்னையில் ஆல்காட் தனியாகப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. பள்ளி இருந்ததா என்பதோடு, யார் உள்ளே போக முடிந்தது என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் நமக்கான வரலாறு.

தோழர்களே, உங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தின் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் எல்லோருடைய பெயரும் இருக்கும். சித்தாள் வேலை பார்த்த அம்மாவின் பெயர் இருக்காது. அவர் இன்னும் உங்கள் தெருவில்தான் இருப்பார். அவரிடம் போய்ப் பேசுங்கள். எந்த ஆண்டு, எவ்வளவு கூலி, யார் யார் கூட வேலை செய்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சமணர் மலையில் விடுபட்ட பெயர்களை இனி நம்மால் எழுத முடியாது. இந்தப் பெயர்களை எழுத முடியும்.