ஒரே செயலியில் இரு நிரல்மொழிகள்: ஆப்ஜெக்டிவ்-சி, ஸ்விஃப்ட் எல்லை நகர்ந்த வரலாறு

ஆப்பிள் நிறுவனம் 2014 ஜூன் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தன் நிரலாளர் மாநாட்டில் ஸ்விஃப்ட் மொழியை அறிவித்தது. அதன்பின் நடந்ததைப் பழைய மொழி ஒழிந்து புதிய மொழி வந்த கதையாகவே பலரும் சொல்கின்றனர். ஆனால் ஐஃபோன் செயலிகளின் நிரலைத் திறந்து பார்த்தால், இரண்டும் ஒரே திட்டத்துக்குள் பல்லாண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்திருப்பது தெரியும். அவை சந்திக்கும் எல்லையில் எந்த மொழி எப்போது விட்டுக்கொடுத்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆப்ஜெக்டிவ்-சியை 1980களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் உருவாக்கினர். சி மொழியின் மேல் ஸ்மால்டாக்கின் செய்தி அனுப்பும் முறையை ஏற்றிய மொழி அது. 1988இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றது. நெக்ஸ்டை ஆப்பிள் வாங்கியபோது மொழியும் உடன் வந்தது. 2008இல் ஆப் ஸ்டோர் திறந்தபோது, திரையில் ஒரு பொத்தானை வைப்பதற்கும் ஆப்ஜெக்டிவ்-சியில் அமைந்த யூஐகிட் நூலகமே வேண்டியிருந்தது. அதை அழைக்க முடியாத புதுமொழி எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

ஆகவே முதலில் வளைந்தது ஸ்விஃப்ட்தான். பிரிட்ஜிங் ஹெடர் என்ற கோப்பில் பழைய வகுப்புகளின் ஹெடர்களைச் சேர்த்தால் ஸ்விஃப்ட் அவற்றைக் காணும். எதிர்த்திசையில், ஸ்விஃப்ட் வகுப்புகளுக்கான ஹெடரைக் கம்பைலரே எழுதித் தரும். ஆனால் ஸ்விஃப்டின் ஸ்ட்ரக்ட், ஜெனரிக் வகை, மதிப்பைச் சுமக்கும் ஈனம் (enum) ஆகியவை அந்த ஹெடரில் இடம்பெற முடியாது. ஸ்ட்ரக்டாக எழுத வேண்டியதை, பழைய கோப்பு ஒன்று கேட்கிறது என்பதற்காக ஆப்ஜெக்டிவ்-சியின் அடிப்படை வகுப்பான என்எஸ்ஆப்ஜெக்டின் வாரிசாக எழுத நேர்ந்தது. கலப்புத் திட்டங்களில் புதிய நிரலுக்கும் பழைய சாயல் படிந்ததற்கு இது முதன்மைக் காரணம் எனலாம்.

எல்லையில் பெரிய சிக்கல் நில் என்னும் வெறுமை. ஆப்ஜெக்டிவ்-சியில் நில்லுக்குச் செய்தி அனுப்பினால் எதுவும் நடக்காது. சுழியமோ நில்லோ திரும்ப வரும், செயலி ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்விஃப்ட் அப்படியல்ல. வெறுமையாக இருக்கக்கூடிய மதிப்பு ஆப்ஷனல் என்ற தனி வகை. பழைய ஹெடர்களில் இந்த வேறுபாடு எழுதப்படவே இல்லை. அதனால் ஸ்விஃப்ட் அங்கிருந்து வந்த பாய்ன்டர்களைப் பொதுவாக ‘இருக்கும் என்று நம்பித் திறக்கும்’ ஆப்ஷனலாக எடுத்துக்கொண்டது. நம்பிக்கை பொய்த்த இடத்தில் செயலி முடங்கி மூடியது.

தீர்வு பழைய மொழிக்குள்ளேயே தேடப்பட்டது. 2015இல் ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடு 6.3 வழியாக நல்லபிள், நான்நல் என்ற குறிப்புகள் ஆப்ஜெக்டிவ்-சிக்கு வந்தன. அதே ஆண்டில் எக்ஸ்கோடு 7 எளிய ஜெனரிக்ஸைச் சேர்த்தது. முப்பதாண்டு கடந்த மொழி ஒன்று, பெரும்பாலும் தன்னை இன்னொரு மொழி சரியாகப் படிக்கட்டும் என்பதற்காகப் புது இலக்கணம் பெற்றது அரிய நிகழ்வு. எனினும் அந்தக் குறிப்புகள் வாக்குறுதி மட்டுமே. நான்நல் என்று குறித்த மெத்தட் ஓடும்போது நில்லைத் திருப்பினால் தடுப்பார் இல்லை. பிழை எங்கோ தொலைவில் வேறொரு வரியில் வெடிக்கும்.

2016இல் ஸ்விஃப்ட் 3 பழைய நூலகங்களின் நீண்ட பெயர்களைச் சுருக்கி இறக்குமதி செய்தது. அதைவிட ஸ்விஃப்ட் 4, 2017இல் எடுத்த முடிவே கவனிக்கத்தக்கது. அதுவரை என்எஸ்ஆப்ஜெக்ட் வாரிசுகளின் மெத்தட்கள், பழைய மொழியில் சொல்ல முடிந்தவையெல்லாம், அதற்குத் தாமாகவே தெரிந்தன. அதற்கான இடைநிரல்கள் செயலியின் அளவைக் கூட்டின. இனி வேண்டியதை மட்டும் ஆப்ஜ்-சி (@objc) என்று குறியிட்டுத் தர வேண்டும் என்றாயிற்று. ஸ்விஃப்ட் தன் சலுகையைத் திரும்பப் பெறத் தொடங்கியது இங்கேதான்.

2019 ஜூனில் அறிவிக்கப்பட்ட ஸ்விஃப்ட்யூஐ என்ற திரையமைப்பு நூலகம் ஸ்ட்ரக்ட், ஜெனரிக்ஸ் ஆகியவற்றின் மீதே கட்டப்பட்டது. ஆப்ஜெக்டிவ்-சி கோப்பிலிருந்து அதை நேரடியாகத் தொட இயலாது, இடையில் ஒரு ஸ்விஃப்ட் உறை வேண்டும். ஆனால் ஐஓஎஸ் 13இல் ஸ்விஃப்ட்யூஐயின் பட்டியலை உள்ளிருந்து வரைந்தது யூஐகிட்டின் யூஐடேபிள்வியூ. பட்டியலின் பின்னணி நிறத்தை நீக்க விரும்பியோர் அந்தப் பழைய வகுப்பின் தோற்ற அமைப்பையே மாற்றினர். ஐஓஎஸ் 16இல் பட்டியல் யூஐகலெக்‌ஷன்வியூவுக்கு மாறியபோது அந்த உத்தி செல்லாமல் போனது. புதிதாக அந்த இடத்துக்கு வந்ததும் யூஐகிட்டின் வகுப்புதான்.