கரும்பாவையின் வரலாறு

பொம்மை என்னும் சொல் நூல்களில் வழங்கினும், யாழ்ப்பாணத்து வீடுகளிற் பாவைப்பிள்ளை என்பதே வழக்கு. பண்டத்தரிப்பில் எம் பேத்தியார் பழஞ்சேலைத் துண்டிற் பஞ்சடைத்து, கறுப்பு நூலாற் கண்ணும் மூக்கும் தைத்துத் தந்த பாவைப்பிள்ளை கபில நிறமானது. அவரது மேனி நிறமும் அதுவே. திருவிழாக் கடையில் வாங்கிய, இளஞ்சிவப்பு மேனியும் பொன்னிற மயிரும் கொண்ட பிளாஸ்ரிக் பாவை வீட்டுக்கு வந்த அன்றே துணிப்பாவை அடுப்பங்கரைக்குப் போயிற்று. அதற்குக் 'கறுவல்' எனப் பெயரிட்டவர்களும் பிள்ளைகளாகிய நாங்களே. அப்பெயர் எங்கிருந்து எம் வாய்க்கு வந்தது என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கரிய பாவை தமிழர்க்குப் புதிதன்று. மகளிர் ஈரமண்ணிற் செய்து விளையாடிய வண்டற்பாவையையும் கோரையாற் செய்த பஞ்சாய்ப் பாவையையும் சங்கச் செய்யுள்கள் குறிக்கின்றன. தமிழகத்தில் நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் மரப்பாச்சி இணைகள் செம்மரத்திலும் கருங்காலியிலும் செதுக்கப்பட்டவை. மரத்தின் இயல்பான கருமையே அவற்றின் நிறம். அவற்றுக்குப் பட்டுடுத்தி நகை பூட்டிய சிறுமியர் எவரும் நிறத்தைக் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஆகவே பாவை கரியதாயிருத்தல் தன்னளவில் இழிவாகாது. யார், யாருக்காக, எந்நோக்கோடு செய்தனர் என்பதே நோக்கற்பாலது.

இவ்வினாவுக்கு விரிவான விடை தரும் நாடு அமெரிக்கா. அந்நாட்டுக்கும் பண்டத்தரிப்புக்கும் உள்ள தொடர்பு பழையது. நியூயோர்க்கில் வைத்தியத் தொழில் புரிந்த ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் அமெரிக்க மிசன் வைத்தியராகப் பணி தொடங்கினார். அவர் விட்டுவந்த நியூயோர்க் மாநிலத்தில் அடிமைமுறை அப்போதும் முற்றாக ஒழிந்திருக்கவில்லை. 1827இலேயே அது அங்கு முடிவுற்றது. தென் மாநிலங்களிலோ உள்நாட்டுப் போரின் முடிவுவரை நீடித்தது.

அவ்வடிமை வாழ்விலிருந்து வந்தவையே கையால் ஆக்கப்பட்ட கரும்பாவைகளிற் பல. கிழிந்த ஆடை, தோல், மரம், கம்பளி நூல் எனக் கைக்குக் கிட்டிய யாவும் அவற்றுக்கு உதவின. பாற்போத்தலின் இறப்பர்ச் சூப்பியைத் தலையாக்கியோரும் உளர். ஆக்கியோருட் பெரும்பாலார் பெயர் எஞ்சவில்லை. பெயர் தெரிந்தோருள் ஒருவர் ஹரியற் ஜேக்கப்ஸ். வட கரோலினாவில் அடிமையாயிருந்து தப்பிய இவர், தன் வாழ்வை 1861இல் நூலாக வெளியிட்டவர். நியூயோர்க்கில் எழுத்தாளர் வில்லிஸ் என்பாரின் வீட்டிற் பணிசெய்த காலத்தில், அவர்தம் பிள்ளைகளுக்கு இவர் தைத்தனவாகக் கருதப்படும் மூன்று பாவைகள் இன்றும் உள. பகலில் பிறர் பிள்ளைகளைப் பேணி, இரவில் அவர்களுக்கே பாவையும் தைத்து, தன் நூலையும் எழுதிய கை அது.

வேறொரு வகைப் பாவைக்கு இடுப்பின் இருபுறமும் தலையுண்டு. ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. பாவாடையைப் புரட்டினால் ஒன்று மறைய மற்றது தோன்றும். இதன் பொருள் குறித்து ஆய்வாளர் பலவாறு கூறுவர். இரு தலைகளையும் ஒருங்கே காணவியலாது என்பதே எம் மனத்திற் பெரிதும் தைப்பது.

கடைப் பாவைகளின் கதை வேறு. புளோரன்ஸ் அப்ரன் 1895இல் வெளியிட்ட சிறுவர் நூலிற் பிறந்த கொலிவொக், கரிய முகத்தைக் கேலிச்சித்திரமாக்கியது. எனிட் பிளைற்றனின் கதைகள் வழியாக அது எம் நாட்டுப் பிள்ளைகளையும் எட்டியது. இத்தகைய கேலிக்கு மாறாக, அடிமையாகப் பிறந்து மதகுருவும் பதிப்பாளருமான ரிச்சர்ட் ஹென்றி பொய்ட், தம் இனப் பிள்ளைகளுக்கு மதிப்பான தோற்றமுடைய பாவைகளை ஐரோப்பாவிலிருந்து வருவித்து, 1911 அளவில் நாஷ்வில் நகரிலிருந்து கம்பனியொன்றின் மூலம் விற்பனை செய்தார்.

எனினும் இழிவின் ஆழத்தை அளந்து காட்டியோர் உளவியலாளரான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர். 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகள் முன் நிறமொழிந்த யாவும் ஒத்த பாவைகளை இவர்கள் வைத்தனர். விளையாட விரும்புவது எது என்ற வினாவுக்கு ஏறத்தாழ மூவரில் இருவர் வெள்ளைப் பாவையைக் காட்டினர். 'உன்னைப் போன்றது எது?' என்று வினவியபோது சிலர் அழுதனர். 1947இல் வெளியான இவ்வாய்வும் கிளார்க்கின் பிற எழுத்துக்களும், பாடசாலைகளில் இனப்பிரிப்பைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழக்கிற் பயன்பட்டன.

பாவை ஆக்குவோரும் சேகரிப்போரும் ஒரு சமூகமாகத் திரண்டமை பிற்கால நிகழ்ச்சி. பாபரா வைற்மன் 1988இல் பிலடெல்பியாவிற் பாவை அரும்பொருளகமொன்றை நிறுவினார். டெபோரா நெவ் பல்லாண்டுகளாகத் தேடிச் சேர்த்த துணிப்பாவைகள் 2018இற் பாரிசிலும் 2022இல் நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்திலும் காட்சிக்கு வந்தன. ஒரு காலத்திற் பரணிற் கிடந்தவை கண்ணாடிப் பேழைக்குள் ஏறின. விலையும் ஏறிற்று, தைத்தவளின் வழித்தோன்றல் வாங்க இயலாத விலை என்னும் முறைப்பாட்டையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இதனை அமெரிக்கரின் குறையென மட்டும் வாசிப்பது எமக்கு வசதியானது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியொன்று உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இலேயே. அவ்வடிமைகளின் பிள்ளைகளுக்கும் தாய்மார் ஓலையிலும் சீலையிலும் பாவை செய்தே கொடுத்திருப்பர். ஓலையும் சீலையும் கறையானுக்கு இரை. அவர்கள் சார்பில் எழுதுவதற்கு ஒரு ஜேக்கப்ஸும் எமக்கு வாய்க்கவில்லை.

எம் வீட்டுத் துணிப்பாவையும் எஞ்சவில்லை. அடுப்பங்கரையிற் கிடந்த அதனைப் பேத்தியார் சிலகாலம் சட்டி பிடிக்கும் துணியாகப் பயன்படுத்தினார். கண்ணுக்குத் தைத்த நூலை மட்டும் முதலிற் பிரித்தெடுத்துவிட்டார்.