குழந்தையின் தொண்டையும் நபிகளாரின் கேள்வியும்

 

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால், கோவையின் பள்ளிவாசல்கள் பலவற்றின் வாசலில் கைக்குழந்தைகளை ஏந்திய தாய்மார்கள் காத்து நிற்பதைக் காணலாம். முஸ்லிம்கள் மட்டுமல்லர், அண்டை வீட்டு இந்துச் சகோதரிகளும் ஓதி ஊதிக்கொள்ள வருவர். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு குழந்தை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அழுதுகொண்டிருந்தது. "உள்நாக்கு விழுந்துடுச்சுங்க ஹஜ்ரத். ஒரு பாட்டிகிட்ட காட்டி விரலை விட்டுத் தூக்கிவிட்டோம். காய்ச்சல் நிக்கலீங்க" என்றார் தாய். நான் ஓதி ஊதி அனுப்பிவிட்டேன். மருத்துவரிடம் செல்லுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள், தொண்டையில் சீழ் கட்டி அக்குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாகக் கேள்வியுற்றேன். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டது. ஆனால், மதரஸாவில் நான் பலமுறை ஓதிய ஒரு நபிமொழி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மதீனாவில் உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) என்றொரு பெண்மணி. ஆரம்ப கால முஹாஜிர் பெண்களில் ஒருவர். உக்காஷா (ரலி) அவர்களின் சகோதரி. தம் சின்னஞ்சிறு மகனைத் தூக்கிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். இந்த மகன்தான் ஒருமுறை நபிகளாரின் மடியை நனைத்தவர் என்று ஸஹீஹ் முஸ்லிம் அறிவிப்பில் காண்கிறோம். குழந்தைக்கு ‘உத்ரா’ எனும் தொண்டை நோய். அக்கால வழக்கப்படி தாயே தொண்டையை அழுத்திவிட்டிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, ஏன் உங்கள் குழந்தைகளை இப்படி அழுத்தி வதைக்கிறீர்கள் என்ற கருத்தில் கேட்டார்கள். பிறகு ‘ஊதுல் ஹிந்தி’யைப் பயன்படுத்துமாறு கூறினார்கள்.

அந்த அழுத்துதல் எத்தகையது என்பதை இமாம் நவவி (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். துணியை இறுக முறுக்கி, குழந்தையின் மூக்கினுள் செலுத்தி, நோயுள்ள இடத்தைக் குத்துவார்களாம். கறுத்த இரத்தம் பீறிடும். சில வேளை புண்ணாகிவிடும். கோடையில் சிரியஸ் விண்மீனுக்குக் கீழே தோன்றும் விண்மீன் கூட்டத்தோடு சேர்த்தே அந்நோய்க்குப் பெயர் வந்ததாகவும் ஒரு கருத்து உண்டு. அப்பெண்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளை மேலுள்ள பாசத்தால்தான் அதைச் செய்தார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், நம் கொங்கு மண்ணிலும் ‘தொக்கம் எடுப்பது’ என்றும் ‘உள்நாக்கைத் தூக்குவது’ என்றும் விரல் விடுகிறோமே, அதுவும் பாசத்தால்தான்!

‘ஊத்’ என்றதும் அத்தர் கடை அகில் கட்டையை நினைத்துவிட வேண்டாம். இங்கே குறிக்கப்படுவது ‘குஸ்த்’. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘கோஷ்டம்’ எனக் கேட்டால் தருவார்களே, அந்த வேர். வடமொழியில் குஷ்டம், கிரேக்கத்தில் கோஸ்டஸ், அரபியில் குஸ்த். காஷ்மீர் மலைச்சரிவுகளில் விளைந்து, சிந்து நதி முகத்துவாரத் துறைமுகத்தின் வழியாகவும் குஜராத்தின் பரூச் வழியாகவும் கப்பலேறியதை கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. இந்தியாவின் பெயர் தாங்கிய ஒரு வேர் நபிகளாரின் நாவில் இடம்பெற்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். அளவுக்கு மீறித் தோண்டியதால் அச்செடி அருகிப்போய், 1985-ல் அழியும் நிலையிலுள்ளவற்றின் சர்வதேச வணிகப் பட்டியலில் முதல் பிரிவுக்கு மாற்றப்பட்டது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அதில் ஏழு நிவாரணங்கள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அறிவிக்கும் இமாம் ஸுஹ்ரீ (ரஹ்), இரண்டு மட்டுமே நமக்கு விளக்கப்பட்டன, ஐந்து விளக்கப்படவில்லை என்று தயங்காமல் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேணுதல் நமக்கு வேண்டாமா? கடையில் கிடைக்கும் பொடி எதுவென்றே அறியாமல், அளவும் தெரியாமல், குழந்தையின் மூக்கில் இடுவதை நான் சுன்னத் என்று சொல்லத் துணியமாட்டேன். பட்டம் பெற்ற சித்த, யூனானி மருத்துவரிடம் கேளுங்கள்.

தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஒரு வாரத்தில் தாமே தணியும். ஒருவகை பாக்டீரியாவால் வருவதை அலட்சியம் செய்தால் பிற்காலத்தில் மூட்டும் இதய வால்வும் பாதிக்கப்படும். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை முடிக்க வேண்டும். எச்சில் வடிய, மூச்சு இழுக்க, குரல் அடைக்க ஒரு குழந்தை தவித்தால் அதன் வாயில் யாரும் விரல் வைக்கலாகாது. வீங்கிய தொண்டை அந்த நொடியே அடைத்துவிடக்கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது ‘தொண்டை அடைப்பான்’ எனப்படும் டிப்தீரியா. சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை நெரிக்கும். அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். நஞ்சுமுறி மருந்தை ஆராய்ந்த பெஹ்ரிங் என்ற ஜெர்மானியருக்கு 1901-ல், மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கோ வெகு தூரம் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர். அங்கே 1907-ல் நாய்க்கடி மருத்துவத்திற்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், பின்னாளில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசி மருந்தை நாடு முழுதுக்கும் ஆக்கித் தந்தது. தமிழகத்தில் 2011 டிசம்பரிலிருந்து குழந்தைகளுக்கு ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியாக அது போடப்படுகிறது: 6, 10, 14-ஆம் வாரங்களில். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் முத்தடுப்பு ஊசி. 10, 16 வயதுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்டு. பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

இப்போதும் மஃரிபுக்குப் பின் தாய்மார்கள் வருகிறார்கள். நானும் ஓதி ஊதுகிறேன். அதற்கு முன்னால் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள்.