இருபத்தொன்பது தானங்களில் ஓர் எண்

மாந்தர் தொகை எவ்வளவு என்னும் வினாவிற்கு, ‘எண்ணிலடங்கார்’ என்று சொல்லி நம் முன்னோர் நழுவிவிடவில்லை. எண்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூவகையாகப் பகுத்த அவர்கள், பிற்காலத்தார் வியக்கும் பேரெண் ஒன்றை இவ்வினாவிற்கு விடையாகக் குறித்துச் சென்றனர்.

அனுயோகத்துவார சூத்திரம் அவ்வெண்ணைக் காட்டும் முறை அழகியது. இரண்டின் முதல் வர்க்கம் 4, அதனை வர்க்கித்தால் 16, பின்னர் 256, பின்னர் 65536. ஐந்தாம் வர்க்கம் 4294967296. ஆறாம் வர்க்கம் 18446744073709551616. சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டித்துக்கொண்டே செல்லும் கதையின் மொத்தத் தொகைக்கு இது ஒன்றே மிகுதி. ஐந்தாவதையும் ஆறாவதையும் பெருக்க வருவதே மாந்தர் தொகை. அது 29 தானங்களை உடையது. 96 முறை பாதியாக்கத் தக்கது என்றும் அந்நூல் அடையாளம் கூறுகிறது. கோடி கோடியாகப் பிரித்து எழுதினால் அது இவ்வாறு அமையும்:

7 9228162 5142643 3759354 3950336

இவ்வெண்ணின் ஒரே பகாக்காரணி இரண்டு. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 97. தன்னை நீக்கி ஏனையவற்றைக் கூட்டினால், கிடைப்பது இவ்வெண்ணினும் ஒன்றே குறைவு. இது ஒருங்கே வர்க்கமும் கனமும் ஆகும்: 281474976710656 என்பதன் வர்க்கம், மேற்கண்ட ஐந்தாம் வர்க்கத்தின் கனம்.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்னும் அளவிற்கு ‘அர்த்தச்சேதம்’ என்று பெயர். இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என இன்று கற்பிக்கப்படுவது இதுவே. ஷட்கண்டாகமத்திற்குத் தவளா உரை வகுத்த வீரசேனாசாரியர் இதனைத் தாராளமாகக் கையாள்கிறார். மடக்கை பற்றிய நேப்பியரின் நூல் வெளிவந்தது 1614இல்; தவளாவோ அதற்குச் சற்றேறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் முற்பட்டது. மூடபித்ரியில் ஓலைச்சுவடிகளாகக் காக்கப்பெற்ற அவ்வுரை, ஹீராலால் ஜைன் அவர்களின் பதிப்பாக 1939 முதல் அச்சேறிய பின்னரே கணித வரலாற்றாசிரியர் கைக்கு எட்டியது.

தவளாவில் இவ்வெண் தடையின்றி ஏற்கப்படவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மாந்தர் தொகை ஆறாம் வர்க்கத்திற்கு மேல், ஏழாம் வர்க்கத்திற்குக் கீழ் என்பது ஒரு வரையறை. 29 தான எண் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் கோடியை மும்முறை பெருக்கியதற்கு மேல், நான்முறை பெருக்கியதற்குக் கீழ் என்னும் நுண்ணிய வரையறையும் உண்டு. கோடியை நான்முறை பெருக்கினால் வருவதும் 29 தானங்களே. அஃது ஒன்றும் இருபத்தெட்டுச் சுழிகளும். தானங்களை மட்டும் எண்ணுவோர்க்கு வேறுபாடு புலப்படாது. மேலே முதலில் தனித்து நிற்கும் ஏழைப் பாருங்கள்; வரம்பு அங்கே மீறப்பட்டுவிட்டது.

வீரசேனர் இதனை அறிந்திருந்தார். பிறர் சொல்லிவந்த தொகை என்பதற்காக அவர் அதனை ஏற்கவில்லை. வரையறையை எடுத்துக்காட்டியதோடும் அமையவில்லை. மாந்தர் வாழும் நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டு, அத்துணைப் பேர் அதனுள் அடங்கார் எனக் காட்டி அதனை மறுத்தார்.